யாரிடம் சம்மதம் கேட்டார்கள்? மலையகச் சுகாதாரத்தில் கொடையும் கருவியும் இனமும்

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வீதியில் கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்ததும் வருகிற சிறு பட்டணம் பிலிமத்தலாவை. வீதியோரம் பித்தளை விளக்குக் கடைகள். சற்று உள்ளே, 1963இல் புரட்டஸ்தாந்து சபைகள் கூடி அமைத்த இலங்கை இறையியல் கல்லூரி. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் அவரவர் மொழியில் படித்துக்கொண்டு ஒரே வளவில் வாழும் இடம் அது. இந்த நாட்டில் அப்படியொரு வளவைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. அங்கிருந்து பேராதனைப் பக்கம் சில கிலோமீற்றர் போனால் போதனா வைத்தியசாலையும் மருத்துவ பீடமும் சிறுவர் வைத்தியசாலையும் இருக்கின்றன. புசல்லாவை, நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒருவருக்கு வருத்தம் முற்றினால் பெரும்பாலும் இங்கேதான் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

மருத்துவத்தில் இன சமத்துவம், தொழில்நுட்பத்தின் அறம், கொடையாளர் பொறுப்பு என்றெல்லாம் இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. பேச்சின் எடுத்துக்காட்டுகள் அநேகமாக அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. இக்கட்டுரையிலும் சில வரும். ஆனால் கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு நூறாண்டுக்கு மேலாகிறது. உலகின் மிகப் பெரிய அறக்கட்டளைகளில் ஒன்று தன் வெளிநாட்டுச் சுகாதாரப் பணியின் தொடக்க ஆண்டுகளிலேயே இந்தத் தோட்டங்களுக்கு வந்தது. அந்த வரலாற்றிலிருந்து ஒரு வாதத்தை முன்வைக்க விரும்புகிறேன்: மலையகத் தமிழருக்கு மருந்து மறுக்கப்பட்ட காலங்களைவிட, அவர்களுக்கு மருந்து கொடுப்பதற்கான சம்மதம் வேறொருவரிடம் பெறப்பட்ட காலங்களே இன அநீதியின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றன. கொடுத்தவரின் நல்லெண்ணத்தை அளந்து இந்த அநீதியைப் பிடிக்க முடியாது. கொடை யார் வழியாக இறங்கியது என்று பார்க்க வேண்டும்.

கொக்கிப்புழுவும் துரைமார் சங்கமும்

தோட்டச் சுகாதாரம் தொடக்கத்திலேயே தனிச் சட்டத்தால் ஆளப்பட்டது. கோப்பிக் காலத்தில், 1872இல், தோட்ட மாவட்டங்களின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் வந்தது. 1912இல் அது விரிந்து, தொழிலாளரின் நோய்களுக்கென இன்னொரு சட்டமும் சேர்ந்தது. நோயாளியைக் கவனிக்கும் கடமை தோட்டத்துரை மீது சுமத்தப்பட்டது. காலனி அரசு தன் கணக்கில் இதை ஒரு சலுகையாகவே வைத்திருந்தது. ஆனால் அதன் விளைவு வேறு. கிராமத்துச் சிங்களவர் நோயுற்றால் அரசின் பிரசை. தோட்டத்து வரிசைவீடான லயத்தில் வாழ்ந்த தமிழர் நோயுற்றால் முதலாளியின் பொறுப்பு. ஒரே மலையில், ஓர் ஓடையின் இரு கரைகளில் வாழ்ந்தவர்களுக்கு இருவேறு மருத்துவ நிருவாகங்கள் அமைந்தது இப்படித்தான்.

இந்த ஏற்பாட்டுக்குள் ரொக்பெல்லர் அறக்கட்டளை வந்தது. 1909இல் ரொக்பெல்லரின் பணத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு ஆணைக்குழு தொடங்கியது. 1913இல் அறக்கட்டளை நிறுவப்பட்டதும் அதே வேலை உலக அளவுக்குப் போயிற்று. கீழைத் தேசங்களுக்கான இயக்குநராயிருந்த விக்டர் ஹைசர் இலங்கைக்கு வந்தார். அவர் இணங்க வைக்க வேண்டியிருந்தது துரைமார் சங்கத்தை. 1854இல் கண்டியில் உருவான அந்தச் சங்கம் சரி சொல்லாமல் எந்த லயத்துக்குள்ளும் ஒரு வைத்தியர் கால்வைக்க முடியாது. 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இயக்கம் தொடங்கியது.

நோயின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். வாதம் அதில் தங்கியிருக்கிறது. கொக்கிப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமும் வெம்மையும் நிழலும் சேர்ந்த மண்ணில் அது பொரிந்து, புழுவின் இளம்பருவம் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டை வழியாக இறங்கி, கடைசியில் குடலில் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஆள் வெளிறிப்போகிறார். ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்குகிறது. கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மலையேற முடிவதில்லை. கர்ப்பிணிக்கு இது இன்னும் ஆபத்து. புழுவுக்கு இனம் தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டு: கழிப்பிடம் இல்லாத நிலம், செருப்பு இல்லாத கால். தேயிலைத் தோட்டம் இரண்டையும் ஒருங்கே வைத்திருந்தது.

ஆகவே ஒழிப்புக்கும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, புழுவைக் குடலிலிருந்து வெளியேற்றும் மருந்து. மற்றது, முட்டை மண்ணுக்குப் போகாமல் தடுக்கும் கழிப்பிடம். மருந்தைக் கொடுக்கும் செலவு சிறிது; காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, கங்காணி பேர் வாசிக்க, ஒவ்வொருவராக விழுங்கச் செய்துவிடலாம். கழிப்பிடமோ லயம் லயமாகக் கட்ட வேண்டியது, பராமரிக்க வேண்டியது. அந்தச் செலவு தோட்டத்தின் தலையில் விழும். துரைமார் முதலாவதை ஏற்றார்கள், இரண்டாவதை இழுத்தடித்தார்கள். இயக்கத்தின் வரலாற்றை நூலாக எழுதிய சோம ஹேவா இந்த இழுபறியை விரிவாகக் காட்டியிருக்கிறார். மருந்து உட்கொண்ட தொழிலாளி அதே மண்ணுக்கு அதே வெறுங்காலோடு திரும்பினார். புழுவும் திரும்பியது.

கொடுக்கப்பட்ட மருந்துகளும் சாதுவானவை அல்ல. முதலில் தைமோல், பிறகு கெனோபோடியம் எண்ணெய். அளவு சற்றுத் தவறினால் தலைசுற்றல், மயக்கம், அரிதாக மரணம்வரை கொண்டுபோகக் கூடியவை. மருந்துக்கு முன்னும் பின்னும் பேதிக்குக் கொடுத்தார்கள். 1921இல் காபன் டெட்ராகுளோரைட்டுக்குப் புழுவைக் கொல்லும் ஆற்றல் உண்டென்று அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே இலங்கையில் அது பரீட்சிக்கப்பட்டது. ஈரலுக்கு அது கேடு செய்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. மரணதண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்கு மருந்தைக் கொடுத்து, தூக்கிலிட்ட பின் ஈரலை எடுத்துச் சோதித்தார்கள். டொச்சர்ட்டி, பேர்ஜஸ் என்ற இருவர் எழுதிய அறிக்கை 1922இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்தது. அன்றைய வாசகர் எவருக்கும் அது அறப் பிரச்சினையாகத் தோன்றியிருக்குமா என்பது சந்தேகமே. அந்தச் சேர்மம் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு என்பது பின்னாளில் மருத்துவத்தின் பொது அறிவாயிற்று.

இதே அறக்கட்டளையின் பணம் அமெரிக்கத் தெற்கில் செலவான விதத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். அங்கேயும் கொக்கிப்புழு 'சோம்பலின் கிருமி' என்று கேலி செய்யப்பட்டது; அங்கேயும் ஏழைகள் இழிவுபடுத்தப்பட்டார்கள். ஆனால் மாவட்டம் தோறும் மருந்தகம் திறந்து, அறிவித்து, கூட்டம் கூட்டி, பேசி அழைத்தார்கள். ஏழை வெள்ளையர் வராமல் இருந்துவிடலாம். பலர் வரவும் இல்லை. மாத்தளையில் வராமல் இருக்கும் வழி யாருக்கும் இருக்கவில்லை. பேர் வாசித்தால் ஆள் நிற்க வேண்டும். மருந்தும் நன்கொடையாளரும் இரு இடத்திலும் ஒன்று. வரிசையில் நின்றவருக்கு 'வேண்டாம்' சொல்லும் இடம் இருந்ததா என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. இனத்தின் பெயரை ஒருவரும் உச்சரிக்காமலேயே இனப் பாகுபாடு நடந்தேறும் முறை இது.

எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலுவானதும்கூட. துரைமார் வழியாகப் போகாவிட்டால் அந்த மருந்து அந்த மக்களை எட்டியே இராது. எட்டியதால் ஆயிரக்கணக்கான உடல்களில் இரத்தம் ஊறியது. பசித்தவனிடம் சோற்றை நீட்டும்போது அறம் பேசிக்கொண்டிருக்க முடியுமா? இதை நான் தட்டிவிடவில்லை. கொக்கிப்புழு இயக்கம் இலங்கைக்கு நன்மை செய்தது. அதன் பட்டறிவிலிருந்துதான் 1926இல் களுத்துறையில் நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு எழுந்தது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, பரிசோதகர்கள், மருத்துவமாதர், வீடுவீடாகச் செல்லும் தடுப்பு வேலை என்ற அமைப்பு அங்கே உருவாகிப் பிறகு தீவெங்கும் பரவியது. இலங்கையின் குறைந்த சிசு மரணத்தையும் தாய் மரணத்தையும் உலகம் இன்று வியப்பதற்கு வித்திட்டது அந்த அமைப்பு.

ஆனால் அந்த அமைப்பு கிராமங்களுக்குப் போயிற்று. தோட்டங்கள் பல பத்தாண்டுகளுக்கு அதற்கு வெளியே, கம்பெனியின் டிஸ்பென்சரியோடு கிடந்தன. தோட்டத் தமிழரின் குடலில் கற்ற பாடம் பிறர் வீட்டு வாசலுக்குப் பயன்பட்டது. கற்பித்த உடல்களுக்கு டிஸ்பென்சர் ஐயாவின் துண்டே மிச்சம். எதிர்வாதத்துக்கு என் பதில் இதுதான். முதலாளியின் கை வழியாக இறங்கும் கொடை அன்றைய நோயைக் குறைக்கலாம். நோயாளி யாரிடம் உரிமை கேட்பது என்ற கேள்வியில் அது முதலாளியின் பிடியை இன்னும் இறுக்கிவிட்டுப் போகிறது. கொடையாளர் புறப்பட்ட பிறகு அந்தப் பிடி மட்டும் எஞ்சுகிறது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்து இதை இன்னும் கடினமாக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். 1952இல் ஒருவரும் இல்லை. அதற்குப் பின் மலையகத்தில் ஒரு தமிழர் தேர்தலில் வென்று ஆசனம் பெற 1977வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளிலும் நாடெங்கும் அரசு வைத்தியசாலைகள் கட்டப்பட்டன. எங்கே கட்டுவது என்று கேட்கப்பட்டவர்களில் வாக்கில்லாதவர் இல்லை.

மெய்யான கருத்தடையும் கற்பனைக் கருத்தடையும்

அடுத்த கட்டத்தில் சம்மதம் என்ற கேள்வி பெண்ணின் உடலுக்குள் போகிறது.

1970களில் சர்வதேச நிதியோடு குடும்பத் திட்டம் விரிந்தது. 1980இலிருந்து கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்பவருக்கு அரசு பணம் கொடுத்தது. அந்தத் தொகை நகரத்து உத்தியோகத்தரின் குடும்பத்துக்கு ஒரு பொருட்டாக இராது. நாட்சம்பளத்தில் வாழும் தோட்டக் குடும்பத்துக்கு அது வேறு. எல்ஆர்டி என்று ஆங்கில எழுத்துகளால் அழைக்கப்படும் அந்தச் சிகிச்சை தோட்டப் பெண்களின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்ட சொல். நாடளாவிய குடித்தொகைச் சுகாதார அளவீடுகள் தொடர்ந்து காட்டிவந்த ஒன்று, தோட்டத் துறையில் நிரந்தரக் கருத்தடையின் வீதம் நகரத்தையும் கிராமத்தையும் விட மிக உயர்ந்தது என்பது. தற்காலிக முறைகளைப் பற்றிப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை, படிவம் அவர்கள் வாசிக்கும் மொழியில் இருக்கவில்லை, தோட்ட நிருவாகத்தின் லொறியிலேயே ஆட்கள் ஏற்றிச் செல்லப்பட்டார்கள் என்று பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளர்களும் எழுதிவருகிறார்கள். விரும்பிச் செய்துகொண்ட பெண்களும் ஏராளம்; அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு பிள்ளைக்கு மேல் வேண்டாம் என்று முடிவெடுத்த கொழுந்து பறிக்கும் பெண்ணை வெறும் பலியாளாக்குவது அவளுக்கு இழைக்கும் இன்னோர் அவமதிப்பு. ஆனால் விருப்பத்தையும் வற்புறுத்தலையும் பிரித்துக் காட்டும் ஆவணம் நம்மிடம் இல்லாமற் போனதே இங்கே குற்றம். கொடுத்த பணத்துக்குக் கணக்கு எழுதினார்கள். பெற்ற சம்மதத்துக்கு அவ்வளவு கவனமாக எழுதவில்லை.

இது நடந்த அதே நாட்டில், அதே மலைகளின் அடிவாரத்தில், 2018இல் ஒரு கற்பனைக் கருத்தடைக்காக வீடுகள் எரிந்தன. பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாக ஒரு காணொளி பரவியது. அது மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கையிட்டார். சாப்பாட்டில் கலந்து சிங்களவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று மருத்துவத்தில் கிடையாது. தெல்தெனியாவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி மார்ச் மாதம் இறந்ததைத் தொடர்ந்து திகனவிலும் கண்டி மாவட்டத்தின் பல ஊர்களிலும் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் மூண்டது. 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், மறுநாள் சமூக ஊடகத் தடை. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளை வாசித்து நீக்கப் போதிய ஆட்களை பேஸ்புக் நிறுவனம் வைத்திருக்கவில்லை. 2020 மே மாதம் அது தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது.

2019 மே மாதம் இதே கற்பனை ஒரு மனிதரின் பெயரைத் தேடிப் பிடித்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு ஒரு மாதம் கழித்து, ஒரு முஸ்லிம் வைத்தியர் நாலாயிரம் சிங்களப் பௌத்தப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்களப் பத்திரிகை முன்பக்கத்தில் எழுதியது. குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். சிசேரியன் மேசையில் வைத்தியர் தனியாக நிற்பதில்லை. தாதியர், உதவி வைத்தியர், மயக்க மருந்து வைத்தியர் சூழ நிற்கும்போது ஆயிரக்கணக்கான முறை இதை மறைத்துச் செய்வது எப்படி என்று கேட்க ஒரு மருத்துவ மாணவர் போதும். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று இரகசியப் பொலிசார் நீதிமன்றில் சொன்னார்கள். பின்னர் அவருக்கு நிலுவைச் சம்பளம் வழங்கப்பட்டது நாட்டில் மருந்துக்கு டொலர் இல்லாத 2022ஆம் ஆண்டில். அவர் அந்தப் பணத்தை மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். கொடை பற்றிய கட்டுரையில் இந்தக் கொடைக்கு ஓர் இடம் வேண்டும். நூறாண்டில் மலைநாட்டுக்கு வந்த பெரும்பணத்தில் எதுவும் இதைப் போலத் தன்னைப் பெறுபவரின் நிலையில் நின்று பார்த்ததில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தோட்டத் தமிழ்ப் பெண்கள்மேல் அரசும் கொடையாளரும் நடத்திய மெய்யான கருத்தடைத் திட்டம் தேசிய விவாதமாக ஒருபோதும் எழவில்லை. பெரும்பான்மைப் பெண்கள்மேல் நடக்காத கருத்தடை நாட்டையே உலுக்கியது. எவருடைய கருவளம் நாட்டின் சொத்து, எவருடையது நாட்டின் சுமை என்ற முன்முடிவே இரண்டையும் இயக்கியது. தொழில்நுட்பம் அந்த முன்முடிவைப் படைக்கவில்லை. ஒன்றில் அதை ஓசையில்லாமல் நிறைவேற்றியது. மற்றதில் அதற்கு ஒலிபெருக்கி கட்டியது. கொவிட் காலத்தில் முஸ்லிம்களின் சடலங்களைக் கட்டாயமாக எரித்ததும் இதன் இன்னொரு கிளை. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி 2021 பெப்ரவரிவரை நீடித்தது. நிலத்தடி நீர் மாசுபடும் என்று ஒரு நிபுணர் குழு சொன்னதாகக் காட்டினார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. விஞ்ஞானத்தின் குரலில் பேசினால் இனவாதத்தைத் தட்டிக் கேட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அந்தப் பத்து மாதங்களே போதும்.

எதை அளக்கிறோம்

2019இல் சயன்ஸ் சஞ்சிகையில் ஒபர்மேயரும் குழுவினரும் எழுதிய ஓர் ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. அமெரிக்க வைத்தியசாலைகளில் யாருக்குக் கூடுதல் கவனிப்புத் தேவை என்று தெரிவுசெய்த ஒரு கணினி நெறிமுறை, நோயை அளக்காமல் நோயாளிக்காகச் செலவான பணத்தை அளந்தது. கறுப்பினத்தவருக்குச் செலவழிக்கப்படுவது குறைவு. ஆகவே அவர்கள் நோய் குறைந்தவர்களாகத் தெரிந்தார்கள். நெறிமுறையில் இனம் என்றொரு கட்டமே இல்லை.

நமக்கு இது புதிதல்ல. தோட்டங்களில் நூற்றாண்டுக் காலம் சுகாதாரம் என்பது பேர் விழுந்த நாட்களால் அளக்கப்பட்டது. வேலைக்கு வந்தால் சுகம். வராவிட்டால் வருத்தம், அல்லது சோம்பல். இன்று அந்த இடத்தில் 'தோட்டத் துறை' என்ற புள்ளிவிபரக் கட்டம் நிற்கிறது. இலங்கையின் அளவீடுகள் மக்களை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கின்றன. 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புள்ள, பத்துப் பேராவது வதியும் தொழிலாளராக இருக்கும் பயிர்நிலமே தோட்டம். இந்தக் கட்டம் உதவியும் செய்திருக்கிறது. 2016 அளவீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாட்டில் சுமார் 17 வீதம், தோட்டத்தில் சுமார் 32 வீதம் என்று சொல்ல முடிவது இதனால்தான். ஆனால் கம்பெனியின் நிலத்தில் வசிக்கும்வரைதான் மலையகத் தமிழர் கண்ணில் படுகிறார். கண்டியைச் சுற்றி நிலச் சீர்திருத்தத்துக்குப் பிறகு துண்டுபட்ட தோட்டங்கள் பல. 1977லும் 1983லும் அடிபட்டு இடம்பெயர்ந்து பட்டண ஓரத்தில் குடியேறியவர்களும் பலர். அவர்கள் 'கிராமம்' அல்லது 'நகரம்' என்ற சராசரிக்குள் கரைந்துபோகிறார்கள். அவர்களுடைய பிள்ளையின் உயரம் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று எவரும் தேடுவதில்லை.

அரசு வைத்தியசாலைகளில் தனிநபர் சுகாதார இலக்கம் வந்துவிட்டது. டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளைக் கொண்டு 2020 ஜனவரியிலேயே, கொவிட் உலகின் பெரும்பகுதிக்குச் செய்தியாக மட்டும் இருந்தபோது, இலங்கைச் சுகாதாரத் தகவலியலாளர்கள் விமான நிலையக் கண்காணிப்பு ஏற்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். பிறகு பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. பெருமைப்பட வேண்டிய வேலை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. இந்திய நன்கொடையில் தேசிய டிஜிட்டல் அடையாளத் திட்டமும் வருகிறது. ஆகவே கருவி இல்லை என்பது இனிக் குறையல்ல. கருவியை எதைக் கேட்க வைக்கிறோம் என்பதே குறை.

கண்டிப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றின் கிளினிக் வரிசையில் அடிக்கடி காணக்கூடிய காட்சி: தாயின் கையில் சொப்பின் பையில் சுற்றிய கிளினிக் கொப்பி. பக்கத்தில் பாடசாலைச் சீருடையில் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மகள். அன்றைய பாடத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கொப்பியில் எழுதியிருப்பது ஆங்கிலம், தாதி பேசுவது சிங்களம், தாய்க்குத் தெரிந்தது தமிழ். தாதி கேட்கிறார், மகள் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அம்மா, மாசாமாசம் சரியா வருதான்னு கேக்குறாங்க" என்கிறாள். தாய் சுவரைப் பார்த்துக்கொண்டு "ஆமான்னு சொல்லு" என்கிறார். அது உண்மையா என்று அந்த மேசையில் இருக்கும் எவருக்கும் தெரியாது. தாதி கெட்டவர் அல்ல. அவருக்குப் பின்னால் இன்னும் எண்பது பேர் நிற்கிறார்கள். இப்போது இந்தப் பதில் கொப்பியில் எழுதப்பட்டாலும் கணினியில் ஏற்றப்பட்டாலும் அது பிழையான தரவுதான். கணினியில் ஏறினால் அதற்கு மேலும் மதிப்பு கூடிவிடும். தமிழ் 1987இலிருந்து அரசியலமைப்பில் அரச கரும மொழி. நுவரெலியா, பதுளை மாவட்டப் பிரதேச செயலகங்கள் பலவற்றில் 1999இல் இருமொழி நிருவாகம் பிரகடனமாயிற்று. வைத்தியசாலைப் பெயர்ப்பலகைகள் மும்மொழியில் மின்னுகின்றன. மொழிபெயர்க்கும் வேலையை மட்டும் ஒரு பிள்ளை சம்பளமில்லாமல் செய்கிறாள்.

கறுத்த தோலில் ஒட்சிசன் அளவைக் கூட்டிக் காட்டும் விரற்கருவி பற்றி 2020இல் மிச்சிகன் வைத்தியர்கள் எழுதியபோது உலகம் அதிர்ந்தது. எங்கள் தோல்களும் கறுப்புத்தான். அந்த ஆய்வு இங்கே மீளச் செய்யப்பட வேண்டும். ஆனால் என் மதிப்பீட்டில், பேராதனைச் சுற்றுவட்டத்தில் மிகப் பிழையாக அளக்கும் கருவி நோயாளியின் மொழி தெரியாத கேள்வியே.

கொடையும் சட்டமும்

கொடை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல என்பதற்கு அண்மைய ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் இந்திய நன்கொடையோடு மேற்கு, தெற்கு மாகாணங்களில் தொடங்கியது. பின்னர் தீவெங்கும் விரிந்தது. தொடக்கத்தில் இந்திய உளவு, மருத்துவ ஊடுருவல் என்றெல்லாம் கூச்சல் எழுந்தது. 2018இல் அதற்கென ஒரு நாடாளுமன்றச் சட்டம் நிறைவேறி, சேவை ஓர் இலங்கை மன்றத்தின் கீழ் வந்தது. கொடையாளர் விலகியபோது சேவை நிற்கவில்லை. அழைப்பவர் எந்தத் தோட்டத்தவர், எந்தத் துரையின் அனுமதி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. முன்னெல்லாம் பிரசவ வலி வந்தால் கொழுந்து லொறியைத் துரை தர வேண்டும். இன்று கைப்பேசி போதும். மாத்தளையில் 1916இல் நடந்ததற்கு நேரெதிரான பாதை இது: கொடையிலிருந்து சட்டத்துக்கு, சட்டத்திலிருந்து எவரும் கேட்கக்கூடிய உரிமைக்கு.

திக்கோயாவில் இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்த வைத்தியசாலையை இதோடு ஒப்பிடலாம். கட்டடம் கண்ணைப் பறிக்கிறது, 150 படுக்கைகள். ஆனால் ஒரு வைத்தியசாலையைக் கட்டுவதும் அதில் தமிழ் பேசும் வைத்தியரையும் தாதியையும் நிரந்தரமாக அமர்த்துவதும் இரு வேறு கணக்குகள். முதலாவதற்கு நாடா வெட்ட ஒருவர் கிடைப்பார்; இரண்டாவது ஒவ்வோர் ஆண்டும் வரவுசெலவுத் திட்டத்தில் போராடிப் பெற வேண்டியது. கழிப்பிடத்தை விட்டு மருந்தைத் தெரிவுசெய்த பழைய கதை சற்று வேறு வேடத்தில் தொடர்கிறது. சுவசெரியவுக்கும் ஒரு சுவர் உண்டு. அம்புலன்ஸ் பெருவீதிவரைதான் வேகமாக வரும். அங்கிருந்து லயம்வரையுள்ள தோட்டப் பாதை கம்பெனிக்குரியது. மழையில் அரித்து, கற்கள் எழும்பி, வாகனம் ஏறாமல் கிடக்கிறது. நோயாளியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு ஆட்கள் கீழே இறங்குகிறார்கள்.

கொடையாளருக்கும் தொழில்நுட்பம் செய்பவருக்கும் அற ஆலோசனைகள் இன்று ஏராளமாக எழுதப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி கொடுப்பவரின் மனச்சாட்சியைப் பற்றியவை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கிகியில் ரோசன்வால்ட் என்ற கொடை நிதியத்தின் நல்ல சிபிலிஸ் சிகிச்சைத் திட்டம் பணம் நின்றதும், 1932இல் தொடங்கி நாற்பதாண்டுகள் சிகிச்சை கொடுக்காமல் கறுப்பினத்தவரைக் கவனித்துக்கொண்டிருந்த ஆராய்ச்சியாக மாறியது. அந்த நிதியத்தின் மனச்சாட்சியில் குறை காண்பது கடினம். அங்கே இல்லாமற் போனது, அலபாமா விவசாயி ஒருவர் போய் நின்று முறையிடக்கூடிய ஓர் இடம்.

ஆகவே மலையகத்துக்கு வரும் எந்த நிதியையும், எந்த மென்பொருளையும் நான் மூன்று நடைமுறைக் கேள்விகளால் சோதிப்பேன். பெறுபவர் தன் மொழியில் மறுத்தால் அது பதியப்படுமா? பிழை நடந்தால் கம்பெனியைக் கடந்து முறையிட அவருக்கு ஓர் அலுவலகம் உண்டா? பணம் நின்ற மறுநாள் அந்தச் சேவையைச் சட்டத்தின் பெயரால் அவர் கேட்க முடியுமா? தோட்ட டிஸ்பென்சரிகளையும் வைத்தியசாலைகளையும் அரசு முழுமையாகப் பொறுப்பேற்பது பற்றிய பேச்சு 1990களிலிருந்து நடக்கிறது. சில கைமாறின, மற்றவை பாதியில் நிற்கின்றன. 1992இல் தோட்டங்கள் மீண்டும் தனியார் கம்பெனிகளுக்குப் போனபின், தோட்ட வைத்திய உதவியாளரின் சம்பளம் கம்பெனியின் ஏட்டிலேயே இருக்கிறது. 2003இல் எஞ்சியவர்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. 2023 ஓகஸ்ட்டில், முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து நடந்துவந்தவர்கள் மாத்தளையை அடைந்தார்கள். அவர்கள் இப்போது வாக்காளர்கள், வரி கட்டுபவர்கள். டிஸ்பென்சரியின் பொறுப்பைச் சுகாதார அமைச்சுக்கு மாற்ற ஒரு வெளிநாட்டு நன்கொடையும் தேவையில்லை. வைத்திய உதவியாளரின் பெயரைக் கம்பெனி ஏட்டிலிருந்து அரச சேவைக்கு எடுக்கும் ஓர் அமைச்சரவைத் தீர்மானமும், நோயாளியைப் பதியும் திரையில் அவர் பேசும் மொழிக்கு ஒரு கட்டமும், அந்தக் கட்டத்தைப் பார்த்து ஆளை நியமிக்கும் மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் போதும்.